பதினான்காம் எண் படங்கள்

புக்கிட் தெங்கா தொழிற்சாலையை மூடியபோது லோகேஸ்வரிக்கு நாற்பத்திரண்டு வயது. பதினேழு ஆண்டுகள் அங்கே பூதக்கண்ணாடிக்கு அடியில் சின்னச் சின்ன மின்பலகைகளை வைத்து, எங்கே ஈயம் சரியாக ஒட்டவில்லை, எங்கே கம்பி விலகியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவள். கம்பெனி வியட்நாமுக்குப் போய்விட்டது. கொடுத்த இழப்பீட்டில் பாதி, ஈப்போவில் தாதியர் படிப்புப் படிக்கும் மகளுக்குப் போனது. மீதியில் கல்யாணப் படக்காரர் ஒருவரிடம் பழைய கேமரா ஒன்றும் நீளமான லென்ஸ் ஒன்றும் வாங்கினாள். லாரி ஓட்டும் கணவர், "உனக்கு என்ன பைத்தியமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

பைத்தியம் இல்லை. அக்காள் மகனின் காற்பந்து ஆட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை போயிருந்தாள். பெற்றோர்கள் எல்லோரும் வேலியோரம் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோருடைய படத்திலும் பிள்ளைகள் எறும்பு அளவுக்குத்தான் தெரிந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

தொழிலின் சூட்சுமம் புரிய மூன்று மாதம் ஆனது. கோல் விழும் படத்தை யாரும் வாங்குவதில்லை. கோல் போட்ட பிள்ளையின் அம்மா மட்டும் வாங்குவாள். மற்ற அம்மாக்களுக்கு அவரவர் பிள்ளை காலணிக் கயிறு கட்டும் படம் இருந்தால் போதும். அதனால் ஆட்டம் பார்ப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு பிள்ளையாகப் பார்க்கப் பழகினாள். சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சட்டை எண்படி படங்களைப் பிரித்து, குறுக்கே தன் பெயரை வெளிறிய எழுத்தில் போட்டு இணையத்தில் ஏற்றுவாள். ஒரு படம் ஐந்து வெள்ளி. ஓர் ஆட்டத்தில் ஒரு பிள்ளையின் எல்லாப் படங்களும் முப்பது வெள்ளி. காசு வந்ததும் குறுக்கே பெயர் இல்லாத சுத்தமான படங்களை அனுப்பிவிடுவாள்.

பெண்கள் ஹாக்கி லீக்கில்தான் சாந்தினியை முதலில் பார்த்தாள். பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் ஆட்டம். சாந்தினிக்குப் பதின்மூன்று. ஒல்லியான பெண். இரண்டு முழங்காலிலும் காய்ந்த புண். பதினான்காம் எண் சட்டை தொடை வரைக்கும் தொங்கும். பந்து காலடிக்கு வந்துவிட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். ஒரு நாள் அவள் பெனால்டி கார்னரில் கோல் போட்டுவிட்டு, இரண்டு காலும் தரையில் படாமல், வாய் முழுக்கத் திறந்து கத்திய கணம் லோகேஸ்வரியின் கேமராவுக்குள் வந்தது. அதைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டாள். கீழே பள்ளியின் பெயர், போட்டியின் பெயர், ஊர். இருநூறு பேருக்கு மேல் அதைப் பகிர்ந்தார்கள்.

நான்காம் நாள் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது. "வணக்கம் அக்கா. பதினாலாம் நம்பர் படம் எல்லாம் வேணும். எத்தனை இருந்தாலும் பரவால்ல."

நாற்பது படங்கள் இருந்தன. அவள் விலை சொன்ன கொஞ்ச நேரத்தில் காசு வந்துவிட்டது. அனுப்பியவர் பெயர் கிஷன் என்று வங்கிச் செய்தியில் இருந்தது. லோகேஸ்வரி அணியின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். சாந்தினி த/பெ கிஷன்.

"நீங்க சாந்தினியோட அப்பாவா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. ஜொகூர்ல வேலை. வர முடியல. பாத்து ரொம்ப நாளாச்சு. இவ்ளோ வளந்துட்டா லா."

அதை லோகேஸ்வரி இரண்டு முறை படித்தாள். ஈப்போவில் இருக்கும் மகளை அவளே பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. விலைக்கு மேலே ஐந்து படங்களைச் சும்மாவே சேர்த்து அனுப்பினாள்.

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் கிஷன் வாங்கினார். மகள் தண்ணீர் குடிக்கும் படம், கூந்தலைக் கட்டும் படம், தோற்றுப் போய்த் தலை குனிந்து நடக்கும் படம் என்று எதையும் விடவில்லை. முப்பது வெள்ளிக்கு நூறு வெள்ளி போட்டுவிட்டு, "மிச்சத்த வச்சுக்குங்க அக்கா, வெயில்ல நிக்கிறீங்க" என்பார். மாதக் கடைசியில் பார்த்தால் லோகேஸ்வரியின் வருமானத்தில் கால்வாசி அந்த ஒரு மனிதரிடமிருந்து வந்திருந்தது. மகளின் விடுதி வாடகை அதில் அடங்கியது.

ஐந்தாவது வாரம், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பெண் வேலி ஓரமாக அவளிடம் வந்தாள். சலவைக்கடையின் பெயர் போட்ட டீ-சட்டை. கையில் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது.

"அக்கா, நான் குணவதி. பதினாலாம் நம்பர் என் மக. அவ படத்த எங்கயும் போடாதீங்க."

"ஏன்மா? எவ்ளோ அழகா விளையாடுறா. போன மாசம் போட்ட படத்த பாத்தீங்களா?"

"பாத்தேன். அதான் சொல்றேன். போடாதீங்க."

காசு கொடுக்க முடியாத கூச்சம் என்று லோகேஸ்வரி நினைத்துக்கொண்டாள். "காசெல்லாம் வேணாம்மா. உங்களுக்குச் சும்மாவே தரேன் லா."

"அதுக்கு இல்லக்கா." குணவதி திடலைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். "போடாதீங்க. அவ்ளோதான்."

"சரிம்மா. எடுத்துடறேன்."

குணவதி நேரத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனாள். மகளின் ஆட்டத்தைப் பார்க்க அவள் நிற்கவில்லை.

அன்று மாலையே லோகேஸ்வரி ஃபேஸ்புக் படத்தை எடுத்துவிட்டாள். இணையத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்திலிருந்தும் பதினான்காம் எண்ணை நீக்கினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் படங்களைத் தனியாக ஒரு கோப்பில் போட்டு, அதன் சுட்டியைக் கிஷனுக்கு மட்டும் அனுப்பினாள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை, அதில் எனக்கென்ன, பெற்ற அப்பன் மகளைப் படத்தில் பார்ப்பதில் என்ன தப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை அவள் நம்பவும் செய்தாள். விடுதி வாடகை நினைவும் கூடவே இருந்தது.

அணி அரையிறுதிக்குப் போனது. அந்த வாரம் கிஷன் எழுதினார்: "அக்கா, லீவு கிடைச்சிருக்கு. நேர்ல வந்து பாக்கணும். ஆட்டம் எங்க, எத்தன மணிக்கு? அவகிட்ட சொல்லாதீங்க. சர்ப்ரைஸ்."

லோகேஸ்வரி திடலின் பெயரை எழுதினாள். சனிக்கிழமை மாலை நாலரை மணி என்று எழுதினாள். பிறகு, அவர் ஜொகூரிலிருந்து அத்தனை தூரம் வருகிறாரே என்று நினைத்து, "இடது பக்கம் வேலிகிட்ட நில்லுங்க, அவ அந்தப் பக்கம்தான் ஓடுவா, நல்லா தெரியும்" என்றும் எழுதினாள்.

அவர் நாலு மணிக்கே வந்துவிட்டார். தேய்த்த நீலச் சட்டை, வாரிய தலை, கையில் காலணிக் கடையின் பை. "நீங்கதானே லோகேஸ் அக்கா?" என்று கேட்டு, இரண்டு கைகளையும் கூப்பினார். "நீங்க இல்லன்னா என் பிள்ள முகமே எனக்கு மறந்து போயிருக்கும்." கண் கலங்கியிருந்தது. நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்றே லோகேஸ்வரிக்கு அப்போது தோன்றியது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தது. இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிடம் இருக்கும். சாந்தினி பந்தை வாங்கிக்கொண்டு இடது ஓரமாக வந்தாள். ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள். லோகேஸ்வரி லென்ஸ் வழியாக அவளைத் தொடர்ந்துகொண்டிருந்தாள். அந்த முகம் மாறியதை முதலில் பார்த்தவள் அவள்தான். அந்தத் திடலில் அந்த முகத்தை அவ்வளவு பெரிதாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதானே. விரல் பழக்கத்தில் அழுத்திக்கொண்டே இருந்தது.

சாந்தினி நின்றுவிட்டாள். பந்து தானாக உருண்டு கோட்டுக்கு வெளியே போனது.

"பாப்பா!" கிஷன் வேலித் திறப்பு வழியாக உள்ளே வந்திருந்தார். பையைத் தூக்கிக் காட்டினார். "அப்பாதான்டா. ஷூ வாங்கியாந்திருக்கேன், பாரு."

அவள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அவரிடம் இல்லை. திடலின் மறுகோடிக்கு, தன் அணியின் கோல்காப்பாளரிடம். கால் கவசமும் நெஞ்சுக் கவசமும் போட்டு மூட்டை மாதிரி நின்ற அந்தப் பெண்ணுக்குப் பின்னால் போய், அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். நடுவர் விசில் ஊதினார். என்ன நடக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை.

அணியின் பொறுப்பாசிரியை நோர்மா ஓடி வந்தார். மலாயில் ஆசிரியரைக் கூப்பிடுவதுபோல் பிள்ளைகள் அவரைச் சிக்கு என்பார்கள். ஐம்பது வயது மலாய்க்காரர். குள்ளமான உருவம், பெரிய குரல். சாந்தினியைத் தூக்கி நிறுத்தி அணைத்தபடியே உடைமாற்றும் அறைக்குள் அனுப்பிக் கதவை அடைத்தார். பிறகு கிஷனிடம் வந்து மலாயில், "நீங்கள் யார்?" என்று கேட்டார்.

கிஷன் சத்தம் போடவில்லை. மெல்லிய குரலில், மலாயிலேயே, "நான் அப்பா, சிக்கு. அவளோட சொந்த அப்பா. வேணும்னா பாருங்க" என்று கைத்தொலைபேசியை நீட்டினார். ஒவ்வொரு படமாக விரலால் தள்ளிக் காட்டினார். "எல்லாம் என் மக. ஒரு ஆட்டம்கூட நான் விட்டதில்ல."

நோர்மா படங்களைப் பார்த்தார். குறுக்கே லோகேஸ்வரியின் பெயர் இல்லாத சுத்தமான படங்கள். காசு கொடுத்தவர்களுக்குத்தான் அப்படி வரும் என்று அவருக்குத் தெரியும். தன் மகனின் காற்பந்துப் படங்களை அவரும் வாங்கியிருக்கிறார். தலையைத் தூக்கி, கோல் கம்பத்துக்குப் பின்னால் கேமராவோடு நின்ற லோகேஸ்வரியைப் பார்த்தார்.

போலீசைக் கூப்பிடப்போவதாக நோர்மா சொன்னதும் கிஷன் காலணிப் பையைப் புல்லில் வைத்துவிட்டு வெளியே போனார். ஆனால் அவருடைய கார் முன்வாசலிலேயே நின்றது. நோர்மா பின்பக்கமாகச் சாந்தினியைத் தன் காரில் ஏற்றி, பின்னிருக்கையில் குனிந்து உட்காரச் சொல்லி, அழைத்துக்கொண்டு போனார். மிச்ச ஆட்டத்தை அணி அவள் இல்லாமல் ஆடி, மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. அந்தப் பதினைந்து நிமிடமும் லோகேஸ்வரி கேமராவைத் தூக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் டத்தோ கிராமாட் சாலையில் இருந்த சலவைக்கடைக்குப் போனாள். குணவதி நீண்ட மேசைக்கு முன்னால் நின்று சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கு அனுப்பாத மகள் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அவருக்கு நேரம் சொன்னேன்," என்றாள் லோகேஸ்வரி. "எங்க நிக்கணும்னும் சொன்னேன்."

குணவதி கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"அப்பான்னு நெனச்சேம்மா. மகளப் பாக்க ஏங்குறாருன்னு நெனச்சேன்."

"அப்பாதான். ஏங்குறது பொய்யில்ல." குணவதியின் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "அடிப்பாரான்னு கேப்பீங்க. என்னைய அடிச்சாரு. அவள ஒரு நாளும் தொட்டதில்ல. அவளத் தூக்கிட்டுப் போயிடுவாரு. அஞ்சு வயசுல ஒரு தடவ. எட்டு வயசுல ஒரு தடவ. ரெண்டாவது தடவ பதினோரு நாளுக்கா. தாய்லாந்து எல்லைக்கிட்ட ஒரு ஹோட்டல்ல இருந்து போலீஸ் கூட்டியாந்தாங்க. அந்தப் பதினோரு நாளும் இவ நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டு இருந்தா. அப்படிச் சொல்லி வச்சிருந்தாரு. அம்மா லாரியில அடிபட்டுட்டா, இனி நாம ரெண்டு பேருதான்னு."

பின்னால் சாந்தினி காலுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோர்ட்டு ஆர்டர் இருக்கு. கிட்ட வரக்கூடாதுன்னு. அது காகிதம்தானே. தைப்பிங்ல இருந்தோம், கண்டுபிடிச்சிட்டாரு. சுங்கை பட்டாணிக்குப் போனோம், அங்கயும் வந்துட்டாரு. இங்க வந்து ரெண்டு வருஷம் நிம்மதியா இருந்தோம். விளையாடணும்னு கேட்டா. பாவமா இருந்துச்சு, சரின்னேன்."

"அன்னைக்கே எங்கிட்ட இதச் சொல்லியிருக்கலாமேம்மா," என்று சொல்லிவிட்டு லோகேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குணவதி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "யார் யார்கிட்ட சொல்லணும்க்கா? படம் எடுக்கறவங்க எல்லார்கிட்டயும் என் கதையச் சொல்லணுமா? போடாதீங்கன்னு சொன்னேன்ல? அது பத்தாதா?"

லோகேஸ்வரி பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தாள். "எல்லாம் இதுலதான் இருக்கு. உங்க கண்ணு முன்னாலயே அழிச்சிடறேன்."

"அவர்கிட்ட இருக்கே."

"அத என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"சரி. அழிங்க."

"ஆன்ட்டி." சாந்தினி எழுந்து வந்திருந்தாள். அவள் பேசியதை லோகேஸ்வரி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். "அழிக்கறதுக்கு முன்னால ஒரு தடவ பாக்கலாமா? நான் பாத்ததே இல்ல."

லோகேஸ்வரி குணவதியைப் பார்த்தாள். குணவதி தலையசைத்தாள்.

இத்தனை வாரத்துப் படங்கள். சாந்தினி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அவசரப்படவில்லை. ஒரு படத்தில் தன் கைப்பிடியைப் பெரிதாக்கிப் பார்த்து, "இங்க தப்பாப் பிடிச்சிருக்கேன், அதான் பந்து மேல போச்சு" என்று தனக்குத்தானே சொன்னாள். பெனால்டி கார்னர் கோலில் வந்து நின்றாள். காற்றில் நிற்கும் அந்தப் பெண்ணை ரொம்ப நேரம் பார்த்தாள். "நானா இது?" என்று கேட்டாள். அம்மாவைக் கூப்பிட்டாள். குணவதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பின்னால் சலவை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கடைசியாக அரையிறுதிப் படங்கள் வந்தன. இடது ஓரம், பந்து, அவள் முகம். சாந்தினி திரையை விட்டுக் கையை எடுத்துவிட்டாள்.

"அந்தக் கோல் படம் ஒண்ணு மட்டும் வச்சுக்கறியாடா?" லோகேஸ்வரி கெஞ்சுவது போலக் கேட்டாள். "யாருக்கும் தெரியாது. காகிதத்துல போட்டுத் தரேன்."

சாந்தினி கொஞ்சம் யோசித்தாள். "வேணாம் ஆன்ட்டி. இனி போற எடத்துல யாராச்சும் பாத்தா எந்த ஸ்கூலுன்னு கேப்பாங்க." அந்த வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்திருந்தது.

லோகேஸ்வரி எல்லாவற்றையும் அழித்தாள். அழித்தவை போய்ச் சேரும் இடத்திலிருந்தும் அழித்தாள். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான் நினைத்தாள்: இனி அந்தப் பிள்ளையின் படங்கள் உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் இருக்கின்றன.

அன்று மதியமே போலீஸ் நிலையத்துக்குப் போய்க் கிஷனின் செய்திகள், பணம் வந்த விவரம் எல்லாவற்றையும் கொடுத்தாள். தான் எழுதிய பதில்களையும் மறைக்காமல் காட்டினாள். புகாரை எழுதிய இளம் போலீஸ்காரர் அவற்றைப் படித்துவிட்டு அவளை ஒரு முறை பார்த்தார். கிஷனை விசாரணைக்கு அழைத்ததாகப் பிறகு தெரிந்தது. அதற்கு மேல் என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை.

குணவதியும் மகளும் அந்த வாரக் கடைசிக்குள் போய்விட்டார்கள். சலவைக்கடையில் வேறொரு பெண் நின்றாள்.

கிஷன் இரண்டு முறை எழுதினார். முதலில், "அக்கா, என்மேல கோவமா?" அப்புறம், "எங்க போனாங்கன்னு மட்டும் சொல்லுங்க. கும்பிட்டுக் கேக்கறேன்." லோகேஸ்வரி அந்த எண்ணைத் தடுத்தாள். அடுத்த மாதம் முதல் தேதி அவள் கணக்கில் நூறு வெள்ளி விழுந்தது. குறிப்பு எழுதும் இடத்தில் "சாந்தினி" என்று மட்டும் இருந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. அது ஏக்கமா, வலையா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம். வங்கிக்குப் போய், காசைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, அந்தக் கணக்கையே மூடினாள்.

படத் தொழில் அதோடு முடிந்தது. அவளை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நடந்தது பெற்றோர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. படம் கேட்டு இன்னும் செய்தி அனுப்பினார்கள். கேமராவைத் தூக்கி ஒரு பிள்ளையைக் குறி வைத்தால், யார் இதை எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. இரண்டு ஆட்டத்துக்குப் போனாள். இரண்டிலும் பாதியில் எழுந்து வந்துவிட்டாள். லென்ஸை விற்றுவிட்டு, புக்கிட் தெங்காவிலேயே வேறொரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் முன்னைவிடக் குறைவு. மகள் ஏன் என்று தொலைபேசியில் கேட்டபோது, "கண்ணு வலிக்குது லா" என்றாள். கணவரிடம் மட்டும் நடந்ததை முழுக்கச் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, "நீ ஒண்ணும் வேணும்னு செய்யல" என்றார். அது அவளுக்கு உதவவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள், வேலை முடிந்து வரும் வழியில் பள்ளிக்குப் போனாள். நோர்மா பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். லோகேஸ்வரியைக் கண்டதும் முகம் இறுகியது. ஆனாலும் பிள்ளைகளை ஓடச் சொல்லிவிட்டு அருகில் வந்தார்.

"ஒன்றே ஒன்றுதான் கேட்க வந்தேன், சிக்கு," என்றாள் லோகேஸ்வரி மலாயில். "எங்கே இருக்கிறாள் என்று கேட்கவில்லை. எங்கேயாவது விளையாடுகிறாளா? அதை மட்டும் சொல்லுங்கள்."

நோர்மா திடலைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்குத் தெரியாது, லோகேஸ். தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். நீங்கள் யாரிடமும் கேட்கவும் கூடாது."

லோகேஸ்வரி தலையசைத்தாள். அவர் சொன்னது சரிதான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். மழை வரும் போலிருந்தது. ஓட்டம் முடிந்து வந்த பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டே அவளைக் கடந்து போனார்கள். ஒருத்தி, "ஆன்ட்டி, இன்னைக்குப் படம் எடுக்கலையா?" என்று கேட்டாள்.

"இல்லடா," என்று சொல்லிவிட்டு அவள் வாசலை நோக்கி நடந்தாள்.